ஏராக்ஸா, ஸூம் 160-ஆ என்று யோசிக்கும் முன் டீலரின் கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

ஹைவேயில் தைரியமாக ஓட்ட ஒரு ஸ்கூட்டர் வேண்டும் என்று தேடுபவர்களில் பலர் கடைசியில் யமஹா ஏராக்ஸ் 155, ஹீரோ ஸூம் 160 இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். யூடியூப் பார்த்து, டெஸ்ட் ரைடு போய், வாரக்கணக்கில் ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள். டீலரிடம் போனதும் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பணம் போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். அப்படி ஏமாந்த ஒருவரின் பில்லையும் வண்டியையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். ஊர், டீலர், எந்த பிராண்டு என்பதையெல்லாம் விட்டுவிட்டோம். இந்த வேலை எந்தக் கம்பெனி டீலரிடமும் நடக்கக்கூடியது.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டிலும் லிக்விட் கூலிங், 14 அங்குலச் சக்கரம், சுமார் 15 குதிரைத்திறன். இரண்டிலும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் டிரம் பிரேக். நடுவில் மேடு இருப்பதால் கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டை, சிலிண்டர் வைக்க முடியாது. ஏராக்ஸ் 126 கிலோ, டேங்க் 5.5 லிட்டர். ஸூம் 142 கிலோ, டேங்க் 7 லிட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏராக்ஸில் கிளம்புபவர் விழுப்புரம் தாண்டுவதற்குள் பெட்ரோல் போட்டுவிடுவது நல்லது. ஸூமில் திண்டிவனம் தாண்டியும் கவலை இல்லை. பஸ்ஸோ லாரியோ முந்தும்போது அடிக்கும் காற்றில் கனமான வண்டி கொஞ்சம் நிதானமாக நிற்கும். ஊருக்குள் வளைத்து ஓட்ட ஏராக்ஸ் லகு. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டில் எது வாங்கினாலும் தப்பில்லை. எந்தக் கம்பெனிக்கு உங்கள் பக்கத்தில் நல்ல சர்வீஸ் உள்ள டீலர் இருக்கிறாரோ, அந்த வண்டியே சரி என்பது எங்கள் கருத்து.

இப்போது அந்த பில். எக்ஸ்-ஷோரூம் விலை சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே 'இன்சூரன்ஸ்', 'ஆர்டிஓ', 'அக்சஸரீஸ்', 'ஹேண்ட்லிங்' என்று நான்கு மொத்தத் தொகைகள். எதற்கும் பிரிவு விவரம் இல்லை.

இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வோம். புது டூவீலருக்கு 5 வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) கட்டாயம். 150 சிசிக்கு மேல், 350 வரை அதன் பிரீமியம் 7,365 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 75-லிருந்து 150 சிசி வரை 3,851 தான். ஏராக்ஸ் 155, ஸூம் 156 என்பதால் இரண்டும் மேல் பிரிவில் விழுகின்றன. 125 சிசி வைத்திருந்தவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் இது ஏமாற்று இல்லை. (149.7 சிசி உள்ள டிவிஎஸ் என்டார்க் 150 கீழ்ப் பிரிவிலேயே நின்றுவிடுகிறது.) ஏமாற்று நடப்பது மீதித் தொகையில். ஒரு வருட ஓன் டேமேஜில் (நம் வண்டிக்கான காப்பீடு) ஐடிவி, அதாவது வண்டி திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ கிடைக்கும் காப்பீட்டு மதிப்பு, எவ்வளவு போட்டார்கள்? புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் வர வேண்டும். ஏற்கெனவே தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருப்பவருக்கும் மறுபடி அதைச் சேர்த்தார்களா? கேட்காத ஆட்-ஆன்கள் (கூடுதல் காப்பீடுகள்) எத்தனை? சேஸி நம்பர், என்ஜின் நம்பரை வாங்கி நீங்களே வேறு கம்பெனியில் பாலிசி எடுக்கலாம். "வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது" (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டாது) என்று மிரட்டினால், கேஷ்லெஸ் பட்டியலில் அந்த டீலரின் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்று நீங்கள் பாலிசி எடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேளுங்கள்.

அடுத்து 'ஆர்டிஓ' தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம். வரியும் பதிவுக் கட்டணமும் ஆன்லைனில் கட்டப்படுகின்றன, ரசீது உண்டு. அந்த ரசீதைக் கையில் வாங்கி, உங்களிடம் வசூலித்த தொகையோடு ஒப்பிடுங்கள். மீதம் இருந்தால் அது அரசுக்குப் போகவில்லை.

'அக்சஸரீஸ்' வரியில் புடவை கார்டு, கைப்பிடி, நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து எழுதியிருந்தார்கள். புடவை கார்டும் கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி வண்டியோடு வர வேண்டியவை. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரலிலிருந்து உற்பத்தியாளரே வழங்க வேண்டும். ஐஎஸ்ஐ ஹெல்மெட்டும் விதி 138-ன்படி வண்டியோடு தர வேண்டியதே. 'ஹேண்ட்லிங்' என்ற தொகைக்குத் தனி டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் கொடுக்காதீர்கள்.

பணத்தைவிட மோசம், கொடுத்த வண்டி. பின் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும்: 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். அவருக்குக் கொடுத்த வண்டியில் டயர் தேதி, டெலிவரிக்கு ஒரு வருடத்துக்கும் முந்தையது. படிவம் 21-ல், அதாவது டீலர் தரும் விற்பனைச் சான்றிதழில், தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அதுவும் அதையே சொன்னது. பழைய ஸ்டாக் வாங்குவது குற்றமில்லை, ஆனால் தெரிந்து, தள்ளுபடி கேட்டு வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் தயாரித்த வண்டியாக இருந்தாலும், அதற்குப் பிறகு விற்றால் ஜிஎஸ்டி 28 அல்ல, 18 தான். பில்லில் அதைப் பாருங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்து பலவீனமாகியிருக்கலாம். வண்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் வேறு பேட்டரி கேளுங்கள். கூலன்ட் ரிசர்வ் டேங்கை என்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். இந்த வண்டியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது, ஆனால் பிடிஐ தாளில் (டெலிவரிக்கு முன் டீலர் செய்யும் சோதனைப் பட்டியல்) எல்லாக் கட்டத்திலும் டிக். இப்படிப்பட்ட வண்டி ஊருக்குள் சமாளித்துவிடும். ஹைவேயில் ஒரு மணி நேரம் விடாமல் ஓடும்போதுதான் சூட்டு விளக்கு எரியும்.

கூடவே ஃபாக் லைட் மாட்டியிருந்தார்கள். ரிலேயும் (விளக்குக்கான மின்சாரத்தைத் தனியே திறந்து மூடும் சுவிட்ச்) ஃபியூஸும் இல்லாமல், ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி டேப் சுற்றியிருந்தது. 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 3.3 ஆம்பியர், பேட்டரியிலிருந்து நேராக, ரிலே வழியாக, 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு இழுக்க வேண்டிய வேலை அது. ஒயரிங்கை வெட்டியிருந்தால் மின்சாரப் பகுதிக்கு வாரண்டி மறுப்பார்கள், வெட்டியது அதே ஷோரூமாக இருந்தாலும்.

லோன் போட்டால் வட்டி 'ஃபிளாட்'டா, அதாவது கடன் குறைந்துவந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே வட்டியா, என்று கேளுங்கள். ஒரு லட்சம், 3 வருடம், 10 சதவீதம் ஃபிளாட் என்றால் மாதம் 3,611 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 18 சதவீத வட்டி.

பதிவு ஆகாமல் வண்டியைக் கையில் கொடுப்பதை விதி 42 தடுக்கிறது. "நம்பர் பிறகு வரும், ஓட்டுங்க சார்" என்றால் எடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பில், வரி ரசீது, பாலிசி, படிவம் 21, டயர் தேதியின் போட்டோ இவற்றோடு முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே போடலாம்.