நுவரெலியாவில் பீக்கோ: சுவையும் பதமும்

பிலிப்பைன்ஸ் மக்கள் ஊர்த் திருவிழாக்களுக்கும் கிறிஸ்மஸுக்கும் செய்யும் பீக்கோ என்ற இனிப்பு, முன்கூட்டியே சொல்லிவைத்தால் இப்போது நுவரெலியாவிலும் கிடைக்கிறது. குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் பிலிப்பைன்ஸ் தோழியரிடம் இதைக் கற்றுவந்த அக்கா ஒருவர், வீட்டிலேயே செய்து தட்டுக்கணக்கில் விற்கிறார். ஒட்டும் அரிசி, தேங்காய்ப்பால், சிவப்புச் சீனி, சிறிது உப்பு ஆகியவையே இதற்குத் தேவை. அரிசியை அரைக்காமல் முழுதாகவே வேகவைப்பதால், தொதலை எதிர்பார்த்து வாங்குவோர்க்கு இது வேறு வகைப் பண்டம் என்பது வாயில் வைத்ததுமே விளங்கிவிடும்.

இதன் உயிர் மேலே தூவப்படும் லாத்திக்கில் இருக்கிறது. முதற்பாலைத் தாச்சியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து, எஞ்சும் கசடு பொன்னிறமாகும்வரை கைவிடாமல் கிளறினால் லாத்திக் கிடைக்கும். பிரிந்த எண்ணெயை அக்கா வாட்டிய வாழையிலையில் தடவி, அதன்மேல் சோற்றைப் பரப்புகிறார். துண்டை எடுக்கும்போது இலை ஒட்டாமல் கழன்று வருகிறது. மொறுமொறுப்பான லாத்திக்கில் கருகல் கசப்பு துளியும் இல்லை.

நான் முதலில் வாங்கிய தட்டில் நடுப்பகுதி அரிசி விறைப்பாக இருந்தது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அரிசியை இரவே ஊறவைத்து, கூடுதல் நேரம் வேகவைத்து, முழுவதும் மென்மையான பிறகே சீனியைச் சேர்க்க வேண்டும். சீனி விழுந்தபின் அரிசி எளிதில் மென்மையாகாது. இதை எடுத்துச் சொன்னபோது அக்கா முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்துக் கிடைத்த தட்டில் ஒவ்வொரு மணியும் குழையாமல், பளபளப்புடன், பதமாக வெந்திருந்தது. அந்தப் பொறுப்புணர்வுக்காகவே இவரை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், நம் ஊர்க் குளிரில் பீக்கோ விரைவில் இறுகிவிடுகிறது. லாத்திக்கை வழித்துத் தனியே வைத்துவிட்டு, துண்டுகளை இட்லிச் சட்டியில் சில நிமிடங்கள் ஆவியில் வைத்து, மறுபடி தூவிக்கொண்டால் பழைய பதம் திரும்பிவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டமாதலால் மறுநாளுக்குள் உண்டு முடிப்பது நல்லது.

இனிப்பு எனக்குச் சற்றுத் தூக்கலாகவே பட்டது. சீனி போடாத பிளேன் டீயுடன் உண்டால் சரியாக இருக்கிறது. கித்துள் கருப்பட்டி சேர்த்தும் கேட்டால் செய்து தருகிறார். விலை சிறிது கூடினாலும், அந்தக் கருப்பட்டியின் லேசான புகைமணம் தேங்காய்ப்பாலுடன் நன்றாகச் சேர்வதால், என் தெரிவு அதுவே.