2,340 ரூபாய் வாங்கினார்கள், ஏசி ஃபில்டரை மாற்றவே இல்லை: காரை சர்வீஸ் விடுகிறவர்கள் படிக்கவும்

நேற்று சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன். இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். திருச்சியில் எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டர். கண்ணாடி போட்ட வெயிட்டிங் ஹால், இலவச காபி. அவ்வளவுதான் சொல்வேன்.

ஏப்ரலில் வண்டியை விட்டேன். ஏசியைப் போட்டதும் ஈரத்துணி வாடை, புளோயரை நாலில் வைத்தாலும் காற்று சுரத்தில்லாமல் வரும். அம்மாவுக்கு வீசிங் உண்டு, காரில் ஏறினாலே இருமல். இதையெல்லாம் அட்வைசரிடம் சொன்னேன். சின்னப் பையன், ரொம்ப மரியாதை. “அம்மா ஏறுற வண்டிங்களா சார்? அப்ப நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்” என்றான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் ஃபில்டரை வைத்துக் கொண்டுவந்தான். கன்னங்கரேல் என்று, மடிப்புக்கு மடிப்பு தூசி, முடி, ஏதோ பூச்சியின் இறக்கை. தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டி, “இது வழியா வர்ற காத்தைத்தான் சார் அம்மா இவ்வளவு நாளா இழுத்துட்டு இருந்தாங்க” என்றான். அதைக் கேட்ட பிறகு யாருக்காவது பேரம் பேச வாய் வருமா? போடுப்பா என்றேன். வாடையை உறிஞ்சும் கரி கலந்த கார்பன் ஃபில்டர் 890, காற்றைக் குளிரவைக்கிற எவாபரேட்டரைக் கழுவ 1,200, லேபர் 250. மொத்தம் 2,340 ரூபாய், ஜிபேயில் அங்கேயே கொடுத்தேன்.

ஒரு வாரம் எலுமிச்சை ஸ்ப்ரே மணந்தது. அப்புறம் பழைய வாடை. போன் செய்து கேட்டால், “ஏசியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஃபேன் மட்டும் ஓட விடுங்க சார்” என்று எனக்கே பாடம்.

சரி, இந்த முறை நானே மாற்றிவிடலாம் என்று பார்ட்ஸ் கடையில் 380 ரூபாய்க்குச் சாதாரண ஃபில்டர் ஒன்று வாங்கிவந்தேன். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. என் வண்டியில் குளோவ் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, அதன் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் முழுதாகக் கீழே இறங்கிவிடும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, இரண்டு கிளிப். திறந்து இழுத்தால் ஃபில்டர் கையோடு வரும். ஸ்குரூ டிரைவரே தேவைப்படவில்லை. இதற்குத்தான் லேபர் 250.

வெளியே வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேப்பஞ்சருகு மக்கி மண்ணாகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக வருடக்கணக்கில் உள்ளே போய்ச் சேர்ந்தது. பல்லி முட்டை ஓடு வேறு. மூன்று மாதத்தில் சேருகிற குப்பையா இது? மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், அடியில் வெள்ளை. கார்பன் ஃபில்டர் என்றால் மடிப்பின் ஆழம் வரை சாம்பல் நிறமாக இருக்கும். பில்லில் இருக்கிற கார்பன் எங்கே போனது? எவாபரேட்டரைக் கழுவியதாக 1,200 ரூபாய் வாங்கினார்களே, அதற்கும் முன்னால் இருக்கிற மூடியின் கிளிப்பில்கூட விரல் பட்ட தடமில்லை, அப்படித் தூசி.

இதைவிட ஒன்று. என் வண்டியின் ஃபில்டர் நீளமாக, குறுகலாக இருக்கிறது. அன்று தட்டில் வந்ததோ கிட்டத்தட்ட சதுரம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது என் வண்டிக்குள் நுழையவே நுழையாது. யாரோ ஒருவர் காரில் கழற்றியதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, சீர்த்தட்டு மாதிரி ஒவ்வொருவர் முன்னாலும் சுற்றி வருகிறார்கள்.

உடனே போன் செய்தேன். அதே பையன், அதே மரியாதை. “ஆடிக் காத்து சார், தூசி ஜாஸ்தி.” மடிப்புக்குள் வெள்ளையாக இருக்கிறதே தம்பி என்றேன். “மேனேஜர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன் சார்.” கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை பழைய ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே போனேன். மேனேஜர் அதைக் கையால் தொடக்கூட இல்லை. “நீங்களே வீட்டுல கழட்டிட்டீங்க சார், இனி இது எங்க வேலையான்னு எப்படிச் சொல்ல முடியும்?” என்றார். பில்லை நீட்டினேன். “அடுத்த சர்வீஸ்ல 10 பர்சென்ட் டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன்” என்றார். 2,340 ரூபாயைத் திருடிவிட்டு, இன்னொரு முறை வந்து ஏமாறு என்று கூப்பிடுகிறார்! நான் சத்தம் போட்டதும் இலவச காபி வந்தது. குடிக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2,340 ரூபாய்க்காகவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அந்த 2,340 ரூபாய்க்காகத்தான்.

ஃபில்டரை வீட்டில் மாற்றுவது எப்படி என்று படத்தோடு விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முக்கியமானது மட்டும். ஃபில்டரின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பழையதை இழுப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுங்கள். கழற்றும்போது ஏசியும் புளோயரும் ஆஃபில் இருக்கட்டும், இல்லையென்றால் சருகை புளோயர் இழுத்துக்கொள்ளும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி மறுபடி போடாதீர்கள். வாங்கும்போது வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி வாங்குங்கள்.

சர்வீஸ் விடுகிறவர்கள், விடுவதற்கு முந்தின நாளே ஃபில்டரை இழுத்து ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தட்டில் கொண்டுவந்து நீட்டினால் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.