டாப் லோட் மெஷினும் சப்பைத் தண்ணீரும்: நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2017-இல் வாங்கிய ஆறரைக் கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோட் (மேலே மூடி திறந்து துணி போடும்) வாஷிங் மெஷின் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வகை மெஷின்கள் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: அடியில் சுழலும் பல்சேட்டர் தட்டு, ஓட்டை ஓட்டையாக ஸ்டீல் டிரம், அதற்கு வெளியே பிளாஸ்டிக் டப், அதைத் தொங்கவிட்டிருக்கும் நாலு ராடு, கீழே மோட்டாரும் கியர்பாக்ஸும். கடையில் நம்மை மயக்குவது புரோகிராம்களின் எண்ணிக்கை. வீட்டுக்கு வந்தபின் நான் தொடுவது நார்மல், குயிக் என்ற இரண்டு பட்டன்களைத்தான்.

இத்தனை வருஷத்தில் வந்த தொல்லைகளைத் திரும்பிப் பார்த்தால், மெஷினே காரணம் என்று சொல்லக்கூடியவை குறைவு. தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, என்ன தண்ணீர் வருகிறது, எப்படி வெளியே போகிறது, இந்த மூன்றில்தான் முக்கால்வாசி சிக்கலும். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

முதலில் வேகம். நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில் ஒரு வீட்டின் முதல் மாடி. கீழே வீட்டுக்கார அக்கா, மேலே மொட்டை மாடியில் சிண்டெக்ஸ் டேங்க். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார் பிரஷர் கிடைக்கும். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று மேனுவலிலேயே போட்டிருப்பார்கள். அதாவது குழாய்க்கு மேலே மூன்று மீட்டர். எங்கள் டேங்கோ குழாயிலிருந்து இரண்டரை மீட்டர் இருந்தாலே அதிகம், நடுவில் பைப் திரும்பும் எல்போ வளைவு நாலைந்து வேறு. கீழ் வீட்டில் இதே மெஷின் சொகுசாக ஓடும், மாடியில் திணறும். குறிப்பிட்ட நேரத்துக்குள் டப் நிரம்பவில்லை என்றால் மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு எரர் காட்டி நின்றுவிடும். எல்ஜியில் அது ஐஇ என்று வரும், சாம்சங்கில் 4சி அல்லது 4இ. எந்தப் பெயரில் வந்தாலும் சேதி ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை.

இந்த எரர் வந்ததும் சர்வீஸுக்கு போன் போடாதீர்கள். குழாயை மூடிவிட்டு இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். மெஷின் பக்கம் அது மாட்டும் இடத்தில் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். குறடால் மெதுவாக இழுத்தால் வெளியே வரும். போர் தண்ணீர் வீடுகளில் அதில் மணலும் பாசியும் அப்பிக்கொண்டிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டினால் போதும். சில மெக்கானிக்குகள் "இது எதுக்குங்க, தொந்தரவு" என்று வலையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஜோராக வரும். அடுத்த சில மாதத்தில் மணல் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மெஷின் ஆஃபில் இருந்தாலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். காலையில் மூடியைத் திறந்தால் அரை டப் நிற்கும். இப்படி நடந்தால் வால்வைத்தான் மாற்ற வேண்டும், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை அல்ல. துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடும் பழக்கம் இருந்தால் ஹோஸும் நெடுநாள் உழைக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியாக வழிக்கு வந்தது ஜீரோ பிரஷர் வால்வு போட்ட பிறகுதான். மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க, மேல டேங்க் உசரம் பத்தலீங்க" என்று சொல்லி அதை மாட்டினார். குறைந்த பிரஷரிலும் அது திறந்து தண்ணீர் விடும். சின்ன பிரஷர் பம்ப் வைத்தாலும் சரியாகும், ஆனால் வாடகை வீட்டில் அந்தச் செலவு எதற்கு? இன்னொரு வசதியும் உண்டு. டாப் லோடில் தண்ணீர் மட்டத்தை அளப்பது ஒரு மெல்லிய காற்றுக் குழாயும் பிரஷர் சென்சாரும். தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை. டேங்க் காலியாகும் நாளில் வாளியில் மொண்டு ஊற்றினாலும் மட்டம் வந்ததும் துவைக்க ஆரம்பித்துவிடும். ஃபிரண்ட் லோடில் இது நடக்காது.

அடுத்து, என்ன தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீர் குடிக்க, சமைக்க. மற்றதுக்கெல்லாம் சப்பைத் தண்ணீர், அதாவது உப்பான போர் தண்ணீர். இந்திய குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்குக் கொடுக்கும் ஏற்பு அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. போர் தண்ணீர் பல இடங்களில் இதையும் தாண்டும். அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முதலில் சலவைப் பவுடரோடு மல்லுக்கட்டும். அழுக்கைக் கவனிக்க மிச்சம் இருக்கும் பவுடர்தான் மிஞ்சும். நுரை வரவில்லையே என்று இன்னும் ரெண்டு ஸ்பூன் கொட்டினால், அலசும்போது அது முழுதாகப் போகாது. கருப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு, துண்டு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைப்பு, எல்லாம் அதனால்தான்.

இதற்கு நான் செய்வது: பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, வேட்டி துவைக்கும் நாளில் துவைக்கும் தண்ணீருக்கு மட்டும் இரண்டு வாளி நல்ல தண்ணீரை டப்பில் ஊற்றிவிடுவேன். மீதியை மெஷினே சப்பைத் தண்ணீரில் நிரப்பிக்கொள்ளும். பவுடர் பாதியாகக் குறைந்தாலும் வெளுப்பு தெரியும். தினத் துணிக்கு இந்த மெனக்கெடல் வேண்டாம். பவுடரைவிட லிக்விட் எனக்கு ஒத்துப்போகிறது, பெட்டியில் கட்டிதட்டி ஒட்டுவதில்லை. பவுடர்தான் வேண்டும் என்றால் ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம்.

சில மாதம் போனதும் துணியில் கருப்புக் கருப்பாகச் செதில் ஒட்டிக்கொண்டு வரும். மெஷின் துருப்பிடித்துவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது டிரம்முக்கும் வெளி டப்புக்கும் நடுவில் சேர்ந்த பவுடர் கசடு, துணிக் கண்டிஷனர், பூஞ்சை எல்லாம் கலந்த படலம். டப் கிளீன் புரோகிராமில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, படிவை நீக்கும் டீஸ்கேலிங் பவுடர் பாக்கெட் போட்டு ஓட்டினால் உரிந்து வரும். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 100 கிராம் அளவில் போட்டாலும் சுண்ணாம்புப் படிவு கரையும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ சேரவே கூடாது, ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றுக்கப்புறம் இன்னொன்று என்றால் நடுவில் ஒரு முழு ஓட்டம் வெறும் தண்ணீரில் போக வேண்டும்.

பல்சேட்டரையும் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நடு மூடியைத் திறந்தால் ஒரே ஒரு ஸ்க்ரூ. மேலே தூக்கினால் வந்துவிடும். அடியில் கிடைப்பவை: ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, ஹேர்பின், பஸ் டிக்கெட் கூழ். அப்படியே பஞ்சு வடிகட்டிப் பையையும் கழுவிவிடலாம், அதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தண்ணீர் வெளியே போகும் வழி சுலபம், ஆனால் பொருத்துகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். எங்களுடையது போன்ற பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீர் தானாகவே இறங்கித்தான் போக வேண்டும். டிரெயின் ஹோஸை வாஷ்பேசின் உயரத்துக்குத் தூக்கிவைத்தால் எப்படிப் போகும்? தரையோடு படுத்திருக்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. தண்ணீர் வெளியே போகவில்லை என்று ஓஇ, 5சி எரர் வருவதற்கு இதுவே முதல் காரணம். இதற்கு நேர்மாறான ஒரு கோளாறு உண்டு. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், டப் நிரம்பவே நிரம்பாது. அப்போது டிரெயின் ஹோஸின் வாயைப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஒழுகினால், டிரெயின் வால்வில் நூலோ ஊக்கோ சிக்கி மூடாமல் நிற்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லியே மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடியும்.

துணி போடும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறரைக் கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. ஒரு ஜீன்ஸே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், டபுள் பெட்ஷீட் முக்கால் கிலோவாவது வரும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் போனால் துணி புரளாது, மேலே இருப்பது நனைந்து மட்டும் வரும். ஆட்டோ மோடில் மெஷின் எடை பார்ப்பது தண்ணீர் விடுவதற்கு முன்பு, காய்ந்த துணியோடு பல்சேட்டரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துத்தான். வாளியில் ஊறவைத்த துணியை அப்படியே போட்டால் அது கனத்தை அதிகமாகக் கணக்குப் போட்டு முழு டப் தண்ணீர் கேட்கும். ஊறவைத்ததுதான் போட வேண்டும் என்றால் தண்ணீர் மட்டத்தைக் கையால் அமைத்துவிடுங்கள்.

அம்மாவின் காட்டன் சேலையும் அப்பாவின் வேட்டியும் சேர்ந்து போனால் கயிறு திரித்ததுபோல் வெளியே வரும். இரண்டையும் மடித்து வலைப்பையில் போடுவோம். ஜாக்கெட் கொக்கிகளை மாட்டிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் சேலை நூலை இழுத்துவிடும். காலர் அழுக்கு இந்த மெஷினில் முழுதாகப் போகாது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொஞ்சம் லிக்விட் தடவிக் கால்மணி நேரம் வைத்துவிட்டுப் போடுகிறோம். பட்டு, ஜமுக்காளம் இரண்டுக்கும் தடை. ரெக்ஸின் மெத்தை உறை, மழைக்கோட்டு இவற்றை ஸ்பின்னில் போடவே போடாதீர்கள். உள்ளே தண்ணீர் பை கட்டி நின்று, முழு வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் டப்பே பெயர்ந்துவிடும். ஒற்றைப் போர்வை போட்டால்கூட பேலன்ஸ் தப்பும். மெஷின் திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டு அலசிப் பார்த்து, கடைசியில் பேலன்ஸ் எரரான யூஇ காட்டி நிற்கும். கூட இரண்டு துண்டைப் போட்டுச் சுற்றிலும் பரப்பினால் சரியாகிவிடும். துணி குறைவாக இருந்தும் தடதட என்று அடித்தால் கால்களின் மட்டத்தைப் பாருங்கள், அதுவும் சரி என்றால் சஸ்பென்ஷன் ராடு தளர்ந்திருக்கும்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஸ்பின்னில் நடனமாடும். அதற்குப் பதில் மெஷினைவிடக் கொஞ்சம் அகலமாக, ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசிய மேடை. துரு கம்மி, தண்ணீர் ஒழுங்காக இறங்கும், ஹோஸ் வாயில் பெரிய பேசினை வைத்து அலசிய தண்ணீரைப் பிடிக்கலாம். முழு மட்டத்தில் ஒருமுறை துவைத்து இருமுறை அலசினால் 150 லிட்டர் அளவுக்குப் போகும். கடைசி அலசல் தண்ணீர் கழிவறைக்கும் வாசல் கழுவவும் தாராளமாக ஆகும். கரண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹீட்டர் இல்லாத டாப் லோட் ஒரு ஓட்டத்துக்குக் கால் யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். ஹீட்டர் உள்ள மாடலில் சூடுபண்ணும் பட்டனை அமுக்கினால் கணக்கே வேறு.

ஒருமுறை மெஷின் திடீரென்று உயிரே இல்லாமல் நின்றது. வந்த சர்வீஸ்காரர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "போர்டு போயிடுச்சு" என்று பெரிய தொகையைச் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு நம்ம மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டோம். அடியில் எலி வயரைக் கடித்திருந்தது. வயரை ஒட்டி, அடியில் வலை அடித்துக் கொடுத்தார். மோட்டார் ம்ம்ம் என்று முனகிச் சுற்றாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம், விலையும் குறைவு. ஆனால் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், நாமாகக் கைவைக்கக் கூடாது. மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுத்தால் உடனே நிறுத்திவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "பத்து வருஷ மோட்டார் வாரண்டி" என்பதை நம்பி அதிகம் கொடுத்து வாங்காதீர்கள். அது மோட்டாருக்கு மட்டும்தான். போர்டு, வால்வு, ராடு, கூலி எதுவும் அதில் வராது.

இப்போது ஸ்பின் வேகம் ஏற ஏற ஒரு ஊளைச் சத்தம் கேட்கிறது. பேரிங் என்கிறார் தம்பி. தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து சப்பைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. டப்பை முழுதாக இறக்கித்தான் மாற்ற வேண்டும். வெளியே உடம்பில் இன்னும் துரு இல்லை, போர்டும் வால்வும் நன்றாக இருக்கின்றன. அதனால் புது மெஷின் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறோம். சீலை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால் திரும்ப இதே வேலைதான்.