விரல்நுனி ஆக்சிமீட்டர்: ஃப்ளூவின் ஏழாம் நாளில் உதவிய கருவி

சென்ற மழைக்காலத்தில் 72 வயதான என் தந்தைக்கு ஃப்ளூ கண்டபோது, மருந்துக்கடையில் 900 ரூபாய் கொடுத்து ஒரு விரல்நுனி ஆக்சிமீட்டர் வாங்கினேன். சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலினூடே செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் இக்கருவிக்கு, ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் வகுத்த முறையே இன்றும் அடிப்படை.

முதல் ஐந்து நாள்கள் அளவு 97-க்குக் கீழே இறங்கவில்லை; காய்ச்சலும் தணிந்துவிட்டது. ஏழாம் நாள் காலை காய்ச்சல் திரும்பியது, சளி பழுப்பேறியது, இருமினால் விலா வலித்தது; மாலையில் கருவி 93 என்று காட்டியது. எக்ஸ்-ரே பார்த்த மருத்துவர், வைரஸைத் தொடர்ந்து பாக்டீரியா புகுந்து நிமோனியாவாகியிருப்பதாகச் சொன்னார். மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியோடு கிருமிகளையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பவை. ஃப்ளூ வைரஸ் அவற்றைத் தாங்கிய செல்களை அழிப்பதாலும், நுரையீரலின் காவல் செல்கள் அந்நாள்களில் தளர்ந்துபோவதாலும், பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றிக் குடியிருக்கும் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கீழிறங்கிப் பெருகிவிடுகின்றன. 1918-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் மாண்டோரின் நுரையீரல் திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான சாவுகளில் இவ்விரண்டாம் தொற்றின் கையைக் கண்டனர்.

எனினும் வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்பதை இக்கருவி சொல்லாது. தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறியதே முதல் எச்சரிக்கை. எண்ணை மட்டும் நம்பி அன்று பகல் முழுவதையும் வீணாக்கியது என் பிழை. முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கலாமே என்று உறவினர் சிலர் கேட்டனர். அது வைரஸை ஒன்றும் செய்யாது என்பதை அவர்களுக்கு விளக்குவது நோயாளியைக் கவனிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் பிறழ்கிறது. கருநிறத் தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்ற செய்தி அட்டைப்பெட்டியில் எங்கும் இல்லை. நம் ஊரில் விற்கும் பொருளுக்கு இது சிறு குறையன்று. ப்ளூடூத் வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

முதியவர் உள்ள வீட்டினர், தெர்மாமீட்டரும் உடன் வைத்துக்கொள்வதாயின், இதைத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று அந்த அட்டைப்பெட்டிக்காக.