கண்டாங்கி சேலை கட்டிக்கிட்டு இந்த வெயில்ல படம் வரைஞ்ச ஒன்றரை மாசம்

நான் கும்பகோணத்துல பெயிண்டிங் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு செட்டிநாட்டு வீடுகள எடுத்துக்கிட்டு மாசி மாசம் காரைக்குடி சித்தி வீட்டுக்கு வந்தேன். காலண்டர்ப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், விடியக்காலைல கொஞ்சம் குளிரா இருக்கும், ஒன்பது மணி வரைக்கும் நிம்மதியா உக்காந்து வரையலாம்னு கணக்குப் போட்டு வந்தேன். வந்த ரெண்டாவது நாளே தெரிஞ்சிருச்சு, இந்த வருஷம் அந்தக் கணக்கெல்லாம் இல்லன்னு. காலைல எட்டரைக்கே வெயில் சுள்ளுன்னு ஏறுது, மத்தியானம் போன்ல 38 காட்டுது, சித்தியே "கத்திரி வெயில் ரெண்டு மாசம் முன்னாடியே வந்துருச்சு போல"ன்னு சொல்றாங்க, அவங்க இந்த ஊர்லயே இருபத்தஞ்சு வருஷமா இருக்கிறவங்க.

இந்த ரிவ்யூ நான் காரைக்குடிக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளத்தூர் போயிட்டு வந்ததுக்கு அப்புறம் வாங்குன கண்டாங்கி சேலை பத்தி. சேலைய ரிவ்யூ பண்ற நிறைய பேர் கல்யாணத்துக்குக் கட்டினேன், போட்டோக்கு நல்லா வந்துச்சுன்னு எழுதுறாங்க. நான் அத வேலைக்குப் போற உடுப்பா கட்டினேன், வாரத்துல அஞ்சு நாள், வெயில்ல, தரையில, பஸ்ல. அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

அன்னைக்கு பள்ளத்தூர்ல ஒரு வீட்டுக்கு எதிர்த் திண்ணையில உக்காந்து முகப்ப வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். போட்டிருந்தது ரேயான் டாப், லெக்கிங்ஸ். முதுகுல துணி அப்படியே ஒட்டிக்கிச்சு, முழங்கைல இருந்து வேர்வை வழிஞ்சு பேப்பர்ல சொட்டுது, வாட்டர்கலர்ல வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணியா ஒரு பூச்சு, இழுத்தா பிரஷ் அந்தப் பக்கம் போறதுக்குள்ள இந்தப் பக்கம் காஞ்சு கோடு விழுந்துருது. மூணு பேப்பர் வீணாப் போச்சு, அழுகையே வந்துருச்சு எனக்கு. அந்த வீட்டப் பாத்துக்கிற ஒரு அப்பத்தா வெளிய வந்து செம்புல தண்ணி குடுத்துட்டு சொன்னாங்க, "ஏத்தா, வேகாத வெயில்ல இந்த ரப்பர் துணியப் போட்டுக்கிட்டா உக்காந்திருக்க, நூல் சேலை ஒண்ணு எடுத்துக் கட்டுத்தா". அவங்க கட்டியிருந்தது ஒரு பழைய கண்டாங்கி, துவைச்சுத் துவைச்சு பஞ்சு மாதிரி ஆயிருந்துச்சு, ஆனா கட்டம் மட்டும் அப்படியே பளிச்சுன்னு நிக்குது. அந்தச் சேலையத்தான் மொதல்ல வரைஞ்சேன், வீட்ட அப்புறம் வரைஞ்சேன்.

அடுத்த சனிக்கிழமை சித்தியோட போய் எடுத்தோம். மொத கடையில காட்டுனது பிரிண்ட், பின்பக்கம் திருப்புனா நிறம் வெளுத்துக் கிடக்குது. கண்டாங்கில நூலுக்குத்தான் சாயம் போடுவாங்க, அந்த நூல வச்சுத்தான் கட்டத்த நெய்வாங்க, அதனால முன்னாடியும் பின்னாடியும் ஒரே அழுத்தமா நிறம் இருக்கணும். சித்தி இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாங்க, தறில துணிய ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு வைக்கிறதால ஓரத்துல ஊசி குத்துன மாதிரி பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், கைத்தறிக்கு அது ஒரு அடையாளம். ரெண்டாவது எடத்துல அதெல்லாம் இருந்துச்சு, கைத்தறி முத்திரையும் இருந்துச்சு. அரக்கு உடம்பு, கடுகு மஞ்சள் கட்டம், ரெண்டு பக்கமும் கறுப்புல அகலக் கரை. 1,450 ரூபா. என் ஒரு மாச மெஸ் பில்லுல பாதிக்கு மேல, யோசிச்சுத்தான் எடுத்தேன். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து பேர் நல்லாப் பரவிருச்சு, அதே பேர்ல வேற துணியும் நிறைய விக்கிறாங்க, அதனால கேட்டு, திருப்பிப் பாத்து வாங்குங்க.

இப்ப நிறத்தப் பத்தி, இதத்தான் நான் முக்கியமா எழுதணும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தா, அரக்குப் பாவுல, அதாவது நீளவாக்கு நூல்ல, மஞ்சள் ஊடை நூல் குறுக்க போற எடத்துல தூரத்துல இருந்து ஒரு ஆரஞ்சு தெரியுது, பழுத்த பனம்பழத்துல இருக்குமே அந்த மாதிரி. கிட்ட போனா ஆரஞ்சு எங்கயுமே இல்ல. ஒரு நூல் அரக்கு, ஒரு நூல் மஞ்சள், அவ்ளோதான். நிறத்தக் கலக்காம பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணு கலந்துக்கும்னு மொத வருஷத்துலயே க்ளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க, நோட்டுல எழுதிப் பரீட்சையும் எழுதியாச்சு, ஆனா என் மடியில கிடக்குற துணியில பாத்தப்பதான் அது எனக்குள்ள எறங்குச்சு. அதுவரைக்கும் செட்டிநாட்டு ஓட்டுக் கூரைய வரையுறப்ப பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்புக் கலர்ல கொஞ்சம் மஞ்சள் கலந்து, அப்புறம் கொஞ்சம் சிவப்பு கலந்து, கடைசியில தட்டு பூரா சேறு மாதிரி ஆயிரும். இப்ப கலக்குறதையே விட்டுட்டேன். மெல்லிசா சிவப்புக் கோடு, அது காஞ்சதும் மேல குறுக்க மஞ்சள் கோடு. கூரை வெயில்ல எரியிற மாதிரி வந்துச்சு. எங்க சார் போன்ல போட்டோ பாத்துட்டு "எப்படிமா புடிச்ச இத"ன்னு கேட்டாரு, சேலையில இருந்து சார்னு சொன்னேன்.

கட்டுற விதத்துக்கு வரேன். மொத நாள் எல்லாரும் கட்டுற மாதிரி முன்னாடி கொசுவம் வச்சுக் கட்டிட்டுப் போனேன், சம்மணம் போட்டு உக்காரும்போதெல்லாம் கொசுவம் அவுந்து வருது, மடியில போர்டு வைக்க முடியல. திரும்ப அந்த அப்பத்தாகிட்டயே போனேன். உள்ள கூட்டிட்டுப் போய் பின்கொசுவம் வச்சுக் கட்டிவிட்டாங்க, கணுக்காலுக்கு மேல ஏத்தி, கொசுவம் பூரா இடுப்புக்குப் பின்னாடி, முன்னாடி தட்டையா இருக்கும். போர்டு ஆடாம உக்காருது, பஸ் படி ஏற எறங்க காலு தட்டல, காத்தும் கால்ல படுது. "எங்க காலத்துல வேலை வெட்டிக்குப் போறப்ப இப்படித்தான்த்தா, வயல்லயும் இதான் வீட்லயும் இதான்"னு சொன்னாங்க. தனியாக் கட்டிப் பழக எனக்கு ஒரு வாரம் ஆச்சு. காலேஜ் படிக்கிற பொண்ணுங்க இதக் கத்துக்கணும்னு உண்மையிலேயே ஆசையா இருக்கு.

வெயிலுக்கு எப்படின்னா, வேர்க்கிறது நிக்காது, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. வேர்வைய துணி குடிச்சுக்குது, திண்ணையில லேசா காத்து வந்தா அந்த ஈரமே குளுகுளுன்னு ஆயிருது. ரேயான் மாதிரி ஒட்டல. நூல் கொஞ்சம் தடிமன், ஒடம்புல இருந்து தள்ளி நிக்கிது, உள்ள காத்துப் போக எடம் இருக்கு. தோள்ல வெயில் சுடாம முந்தானைய இழுத்துப் போத்திக்கலாம், மெல்லிசுத் துணியா இருந்தா வெயில் ஊடுருவிருக்கும். மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணரை வரைக்கும் மட்டும் எந்தத் துணியும் காப்பாத்தாது. அந்த நேரத்துல நான் வெளிய உக்காரவே மாட்டேன், யாராவது உள்ள விட்டா வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, ஓரமா உக்காந்து தூண், கதவு, நிலை இதெல்லாம் வரைவேன். அந்த வீடுகள கட்டுனவங்க வெயில எவ்ளோ யோசிச்சிருக்காங்கன்னு அங்க உக்காந்தாதான் தெரியும். முகப்புல இருந்து கொல்லை வரைக்கும் வாசல் வாசலா நேர்கோட்டுல வச்சிருக்காங்க, காத்து நுழைஞ்சு போயிட்டே இருக்கு, நடுவுல வளவு தொறந்து கிடக்கிறதால சூடு மேல போயிருது, சுவரு நல்ல தடிமன், சுண்ணாம்போட முட்டை வெள்ளக்கரு எல்லாம் சேத்துப் பூசி இழைச்சது, கை வச்சா சில்லுன்னு இருக்கு. தரையில ஆத்தங்குடிக் கல்லு. அத சூளையில சுடுறதே இல்ல, கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணிக்குள்ள ஊறவச்சு எடுக்கிறது, கண்ணாடியோட வழுவழுப்பு அப்படியே கல்லுல ஒட்டிக்கிது. அந்தத் தரையில பருத்திச் சேலையோட சம்மணம் போட்டு உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது.

பெயிண்டிங் பக்கமும் ஒண்ணு சொல்லணும். சேலை வேர்வைய புடிச்சு வைக்கிறதப் பாத்ததும்தான் பேப்பரப் பத்தி யோசிச்சேன். நான் வச்சிருந்தது மரக்கூழ் பேப்பர், வெலை கம்மி, இந்த வெயில்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ஒரு சீனியர் அக்காகிட்ட பருத்திப் பேப்பர், 300 ஜிஎஸ்எம்னு சொல்ற நல்ல தடிமனானது, நாலு ஷீட் கடன் வாங்கினேன். அது தண்ணிய உள்ள இழுத்து நிதானமாத்தான் விடுது, வாஷ் இழுத்து முடிக்க நேரம் கிடைக்கிது. பேப்பர ரெண்டு பக்கமும் நனைச்சு போர்டுல ஒட்டிக்கிட்டா இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா கிடைக்கும், தண்ணியில ஒரு சொட்டு கிளிசரின் விட்டாலும் மெதுவாக் காயும். நேரத்தையும் மாத்திக்கிட்டேன், ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு மூட்டை கட்டிருவேன், அதுக்காக அஞ்சேகால் மணிக்கு எந்திரிச்சு சேலை கட்டி மொத பஸ்ஸ புடிக்கணும், பொண்ணுங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லங்கிறது என்ன மாதிரி ஸ்டூடண்ட்டுக்கு எவ்ளோ பெரிய உதவின்னு சொல்ல வார்த்தையில்ல.

குறைகளும் இருக்கு, ஒண்ணு ரொம்ப வலிச்சுது. கானாடுகாத்தான்ல ஒரு வீட்டு நிலைக்கதவ நாலு நாள் உக்காந்து பென்சில்ல வரைஞ்சிருந்தேன், கதவு மேல இருக்கிற கஜலட்சுமி, பூ வேலைப்பாடு, குமிழ் குமிழா பித்தளை எல்லாம். அஞ்சாவது நாள் கலர் குடுக்க மடியில வச்சுட்டு அப்படியே அசந்து போய் தூண்ல சாஞ்சுட்டேன். எந்திரிச்சுப் பாத்தா வேர்வையில நனைஞ்ச சேலையில இருந்து அரக்குச் சாயம் பேப்பரோட பின்பக்கம் எறங்கி முன்னாடி வரைக்கும் வந்திருக்கு. அழிக்க முடியல. வாங்குன எடத்துல சாயம் போகவே போகாது, கவலப்படாதீங்கன்னு சொன்னாங்க, போய்க் கேட்டதுக்கு "மொத ரெண்டு தண்ணி போகத்தாம்மா செய்யும்"னு சாதாரணமா சொல்றாங்க. அத வாங்குறப்பவே சொல்லியிருக்கலாம்ல, தனியா அலசிட்டுக் கட்டியிருப்பேனே. எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான். சித்தி கல் உப்பு போட்ட தண்ணியில ஒரு ராத்திரி ஊறவச்சாங்க, மறுநாளும் தண்ணி செவப்பாத்தான் வந்துச்சு, நாலாவது அலசல்லதான் தெளிஞ்சுது. அதனால நீங்க வாங்குனா, பச்சத் தண்ணியில தனியா நாலஞ்சு தடவ அலசி, நிழல்ல காயப்போட்டு, வெள்ளத் துணிய நனைச்சுத் தேச்சுப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க.

மத்தபடி, நனைஞ்சா கனம். கசங்கும். வடிகஞ்சி கெட்டியாப் போட்டா வேர்வையில பிசுபிசுங்குது, நல்லா தண்ணியா நீர்த்துப் போட்டா மொடமொடப்பும் இருக்கும் ஒட்டவும் ஒட்டாது. மொத அலசலுக்கு அப்புறம் நீளம் கொஞ்சம் சுருங்குச்சு, என்ன விட உயரமா இருக்கிறவங்க அதையும் பாத்துக்கோங்க.

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கும் இதையேதான் கட்டிட்டுப் போனேன். பால்குடம் எடுக்கிறவங்க மஞ்சச் சேலையில ரோடு பூரா நெறஞ்சு வராங்க, ரோட்டுல தண்ணி ஊத்தி விடுறாங்க வெறுங்காலோட நடக்கிறவங்களுக்காக, அம்மனுக்குப் படைக்க தட்டுல தக்காளியோட நிறைய பேர் நிக்கிறாங்க. அந்தக் கூட்டத்துல ஓரமா ஒரு படியில உக்காந்து குட்டி நோட்டுல இருபது நிமிஷம் வரைஞ்சேன், மஞ்சள், தக்காளிச் செவப்பு, பால் வெள்ளை, இந்த மூணே நிறம். பக்கத்துல நின்ன ஒரு ஆச்சி என் சேலையத் தொட்டுப் பாத்துட்டு "நம்ம தறிச் சேலையா"ன்னு கேட்டாங்க. ஆமா ஆச்சின்னு சொன்னேன், அவங்க முந்தானையாலயே என் நெத்தி வேர்வையத் தொடச்சு விட்டாங்க. அந்தப் படத்த ப்ராஜெக்ட்ல வைக்கிறதா எடுத்து வச்சிருக்கேன், சாயம் எறங்குன கதவு படத்தையும் சேத்துத்தான்.

ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள இன்னொண்ணு எடுக்கணும், இந்த தடவ பச்சையில அரக்குக் கரை. வாங்கப் போறவங்க பகல்ல போங்க, சேலையக் கடை வாசலுக்கு எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. உள்ள டியூப்லைட்ல பாத்தா அரக்கும் மெரூனும் ஒண்ணாத்தான் தெரியும்.