சாக்கு, காற்றுப்புகாப் பை, தகரக் குதிர், சிலோ: நாலு ஏக்கர் மக்காச்சோளத்தை எதில் வைப்பது?

சிங்கப்பூரில் உழைத்துச் சேர்க்கும் வெள்ளியை ஊர் நிலத்தில் போடுகிறவர்கள் நம்மில் ஏராளம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடினால் கிணறு, டிராக்டர், வீடு என்று போகும் பேச்சு கடைசியில் மக்காச்சோளத்துக்கு வந்துவிடும். தை மாதத்தில் எல்லார் வீட்டுக் கதிரும் ஒன்றாகக் களத்துக்கு வருகிறது, விலை படுத்துவிடுகிறது. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அறுவடை நேரத்தில் வியாபாரி அதற்குக் கீழே கேட்பது புதிதல்ல. மூன்று நான்கு மாதம் வைத்திருந்து விற்கலாமே என்று தோன்றுவது இயல்பு. "ஒரு சிலோ வாங்கிப் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. சிலோ என்றால் மணியை மொத்தமாகக் கொட்டிவைக்கும் உயரமான உருளைக் கலன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து ஏக்கர் குடும்பத்துக்குச் சிலோ வேண்டாம். நல்ல காற்றுப்புகாப் பை போதும். அந்தப் பைக்கும் முன்னால் பணம் போகவேண்டிய இடம் காயவைக்கும் களம்.

அளவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று வைத்தால் நாலு ஏக்கரில் 10 டன். ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 720 கிலோ மக்காச்சோளம் பிடிக்கும். ஆக, எட்டடி விட்டமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் உருளைக்குள் மொத்த விளைச்சலும் அடங்கிவிடும். 50 கிலோப் பைகளில் போட்டால் 200 பை.

முதலில் ஈரம்

கதிர் ஒடிக்கும்போது மணியில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். செடியிலேயே நின்று காய்ந்தால் அதைவிடக் குறைவு. சந்தை 14 விழுக்காடு வரை ஏற்கும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் 12க்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது எடையும் குறையும்: 14 விழுக்காட்டில் 100 கிலோவாக இருப்பது 12க்கு வரும்போது 97.7 கிலோ. குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்றால் சுமார் 55 ரூபாய் வெயிலில் போகிறது. அதற்கு எந்த வியாபாரியும் பணம் தரமாட்டார். வைத்திருந்து விற்கும் முடிவுக்கு நாம் கட்டும் முதல் விலை அது. பின்னால் கிடைக்கும் விலை இதையும், அத்தனை மாதம் முடங்கும் பணத்தின் வட்டியையும் தாண்டாவிட்டால் தையிலேயே விற்றுவிடுவது மேல்.

"அண்ணே, பல்லுல கடிச்சா நறுக்குன்னு உடையுது. போதும்ல?" என்று தம்பி போனில் கேட்பான். 13க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் பல்லுக்குத் தெரியாது. உப்புச் சோதனை அதைவிட நம்பகமானது. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்குக்கு மணியைப் போட்டு, நன்றாகக் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்து, மூடிக் குலுக்கிச் சற்று நேரம் விடவேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்து ஒட்டிக்கொண்டால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் 15க்குக் கீழ். ஆனால் 12ஆ 14ஆ என்பதை உப்பு சொல்லாது. அதற்குக் கையடக்க ஈரப்பத மீட்டர் ஒன்று வேண்டும். ஊருக்கு எதை வாங்கி அனுப்பலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வியாபாரி தன் மீட்டரைக் காட்டி "ஈரம் அதிகம்" என்று கழிக்கும்போது, தம்பி கையிலும் ஓர் எண் இருக்கும்.

ஈரத்தோடு கட்டிவைத்தால் வருவது பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தீவனத்தில் கலந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. சமையல் சூட்டில் இது அழியாது. பூஞ்சை பிடித்த மணியைக் கழுவிக் காயவைத்து மாட்டுக்குப் போட்டாலும், நஞ்சு உருமாறிப் பாலில் வந்துவிடும். நாமக்கல் கோழித் தீவன ஆலைகள் மணியின் நிறத்தையும் வாடையையும் இவ்வளவு கவனமாகப் பார்ப்பது சும்மா இல்லை.

ஆகவே தார்ப்பாய். தரையில் நேராகக் கொட்டாமல், சாலையில் வண்டி ஏறவிடாமல், விரல் நீளத்துக்கு மிகாத கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். பனி இறங்கும் முன் மூடிவிட வேண்டும். ஊரில் பொது உலர்களம் இருந்தால் முறை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு செய்தால் எந்தக் கலனும் ஓரளவு காப்பாற்றும். செய்யாவிட்டால் எதுவுமே காப்பாற்றாது.

சாதாரணச் சாக்கு

மலிவு, தூக்க எளிது, வியாபாரிக்கும் பழக்கம். ஒரு மாதத்துக்குள் விற்பதென்றால் இதுவே போதும். மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து முழங்கை அளவு தள்ளி வைத்தால் தரை ஈரமும் சுவர் ஈரமும் ஏறாது.

ஒரு மாதம் என்று நான் கோடு போடுவதற்குக் காரணம் கூன்வண்டு. பெட்டை வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசைபோல் ஒன்றால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வண்டாகி, வட்டமாய் ஓட்டை போட்டு வெளியே வரும். கட்டும்போது கண்ணாடிபோல் சுத்தமாக இருந்த மூட்டையை மாசியில் அவிழ்த்தால், கை வைத்த இடத்தில் மாவு உதிரும், மணி எடையற்றுப் போயிருக்கும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையில் நாம் பார்ப்பதும் இந்த வண்டின் கூட்டாளிதான்.

இங்கேதான் வண்டைக் கொல்ல மாத்திரை போடும் ஆசை வரும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, 3 கிராம் எடை, 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மூடிய கிடங்கில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். சாக்கு வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறையில் அம்மாவும் பிள்ளைகளும் தூங்கும் வீட்டில் அதை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. வாயு கதவிடுக்கில் வரும், உயிர் போகும். மூட்டைக்குள் ஒன்றைத்தானே போடப்போகிறேன் என்று தம்பியோ மாமாவோ சொன்னால், போனிலேயே சண்டை போட்டாவது தடுத்துவிடுங்கள்.

காற்றுப்புகாப் பை

வெளியே சாதாரண நெய்த சாக்கு, உள்ளே ஒன்றோ இரண்டோ தடித்த பிளாஸ்டிக் பைகள். மூன்றடுக்குப் பையை முதலில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக 1980களின் இறுதியில் உருவாக்கினார்கள். மருந்தே இல்லை. உள்ளே இருக்கும் பூச்சியும் மணியும் மூச்சுவிட்டே உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அது 5 விழுக்காட்டுக்குக் கீழ் போனதும் வண்டு தின்பதை நிறுத்தும், பிறகு சாகும். மணிக்குள் ஒளிந்திருக்கும் புழுவுக்கும் அதே கதிதான்.

நாலு ஏக்கர்க்காரருக்கு இது பொருந்துவதற்குப் பூச்சிக் கட்டுப்பாடு மட்டும் காரணமில்லை. 200 பையில் 120 பையைத் தையில் விற்றுவிட்டு 80 பையை மட்டும் வைக்கலாம். பங்குனியில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் வந்தால் பத்துப் பையைப் பிரித்து விற்கலாம், மற்றவை மூடியபடியே இருக்கும். பெரிய கலனில் இந்த வசதி கிடையாது. ஒருமுறை திறந்தால் முழுதுக்கும் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

குறைகளையும் சொல்லவேண்டும். சாக்கைவிடப் பல மடங்கு விலை. எலி கடித்தால் அந்த நொடியே அது சாதாரணச் சாக்கு. இழுத்துப் போட்டால் கிழியும். ஆகவே மூட்டை தூக்கும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கும் உதவும். கட்டும்போது உள்காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, இறுக்கிக் கட்ட வேண்டும். பாதி நிரம்பிய பையை அப்படியே கட்டினால், உள்ளே மிச்சமிருக்கும் காற்றிலேயே வண்டு பல நாள் தள்ளிவிடும். ஈரமணியைப் போட்டால் புளித்த வாடை அடிக்கும், பிறகு எதற்கும் ஆகாது.

தகரக் குதிர்

தாத்தா காலத்தில் தானியம் கொட்டிவைத்த மண் குதிர், தொம்பை இவற்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் இடத்தில் வந்தது துத்தநாகம் பூசிய தகரக் குதிர், நூறு கிலோவிலிருந்து மூன்று டன் வரை. மத்திய அமெரிக்காவில் 1980களிலிருந்து சுவிஸ் உதவித் திட்டம் ஒன்று உள்ளூர்க் கொல்லர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதைப் பரப்பியது. எலிக்கு எதிராக இதைவிட நல்லது இந்தப் பட்டியலில் இல்லை. பல ஆண்டுகள் உழைக்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா தொட்டி வேறு வழியில் போனது: மண் சுவருக்குள் பாலித்தீன் தாளைப் புதைத்துக் கட்டுவது. கட்டத் தெரிந்த ஆள் கிடைத்தால் அதுவும் நல்லதே.

தகரத்தை வெயிலில் வைக்கவே கூடாது. பகலில் சுடும், இரவில் குளிரும். உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து குளிர்ந்த மூடியின் அடியில் வியர்க்கும். மேலடுக்கு மணி நனைந்து பூஞ்சை பிடிக்கும். கூரைக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். மூடும் முன் உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைப்பது சில இடங்களில் வழக்கம். மெழுகுவத்தி பிராணவாயு 16 விழுக்காட்டுக்கு வரும்போதே அணைந்துவிடும். வண்டு அதில் சாகாது. குதிரின் வாயை இறுக்கமாக ஒட்டி மூடுவதே முக்கியம்.

என் கணிப்பில் வீட்டு மாட்டுக்கும் கோழிக்கும் ஆண்டு முழுக்க வேண்டியதை வைக்க ஒரு டன் குதிர் ஒன்று சரி. விற்பனைக்கு வைப்பதை இதில் போடத் தேவையில்லை.

சிலோ

கெப்பல் சாலையில் பிரிமா மாவு ஆலையின் உயர்ந்த சிலோக்களை இங்கே நெடுநாள் இருப்பவர்களுக்குத் தெரியும். அதன் உச்சியில் 1977இல் சுழலும் உணவகமே திறந்தார்கள். கப்பலில் வந்த கோதுமையை உறிஞ்சி ஏற்றி ஆலைக்கு இறக்கிய இடம் அது. அங்கே நாளெல்லாம் சரக்கு ஓடிக்கொண்டே இருந்தது, கவனிக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். நம் நாலு ஏக்கர் மக்காச்சோளமோ ஒருமுறை உள்ளே போய் ஒருமுறை வெளியே வருவது.

யூடியூபில் நாம் பார்க்கும் அயோவா மாநிலத்துப் பண்ணைச் சிலோவுக்கு இன்னொரு துணை உண்டு: குளிர்காலம். அவர்கள் ஈரமணியை எரிவாயுச் சூட்டில் காயவைத்து, துளையிட்ட தரைக்கடியிலிருந்து மின்விசிறியால் குளிர்காற்றை ஊதி, முழுக் குவியலையும் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே நன்றாக இறக்கிவிடுகிறார்கள். அந்தக் குளிரில் வண்டு பெருகாது. பெரம்பலூரில் பங்குனி, சித்திரையில் எந்த விசிறி வைத்தாலும் ஊதுவது அனல்காற்றுதான். கூன்வண்டுக்கு மிகப் பிடித்த 25 முதல் 33 டிகிரி நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே குளிர் பார்க்கும் வேலையை இங்கே வறட்சியும் காற்றுத்தடையும் பார்க்க வேண்டும். விசிறி இல்லாத, இறுக மூடவும் முடியாத வெறும் இரும்பு உருளை இரண்டில் எதையும் தராது.

ஆபத்தும் உண்டு. கீழே மணி ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்பவரை அது உள்ளிழுக்கும். சில விநாடிகளில் முழங்காலுக்கு மேல் புதைந்துவிட்டால் தன் பலத்தால் வெளியே வர முடியாது. அமெரிக்கப் பண்ணைகளில் ஆண்டுதோறும் ஆட்கள் இப்படிச் சாகிறார்கள்.

மற்ற இரண்டு வழிகள்

மணியைக் கதிரோடு வைக்க நினைப்பவர்கள் சின்ன வெங்காயப் பட்டறையை யோசிக்கலாம். தரையிலிருந்து உயர்த்தி, பக்கமெல்லாம் சட்டமும் வலையுமாக, காற்று ஊடுருவும்படி நம் மாவட்டத்தார் கட்டுவதே கதிர் உலர்த்தவும் பொருந்தும். ஆப்பிரிக்க நாடுகளில் இதே வடிவில்தான் செய்கிறார்கள், அகலம் ஒரு மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. அகலம் கூடினால் நடுக்கதிர் அவியும். ஆனால் இது உலர்த்தும் இடம். மாதக்கணக்கில் விட்டால் எலியும் அந்துப்பூச்சியும் பங்கு கேட்கும்.

மற்றது ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கு. சிங்கப்பூரில் அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கு அரிசியை அரசு குறித்த கிடங்கில் கையிருப்பாக வைக்கவேண்டும் என்பது சட்டம். தங்கள் கடையின் பின்னறையில் வைத்துக்கொள்வதில்லை. நம் ஊரிலும் விளைச்சலைக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கி, விலை ஏறும்போது விற்க வழி இருக்கிறது. கையில் பணமில்லாமல்தான் தையில் விற்கிறோம் என்றால், கலனைவிட இந்தக் கடனே சரியான மருந்து.

எங்கள் வீட்டுக்கு நான் போட்டிருக்கும் கணக்கு: மீட்டர் ஒன்று, தார்ப்பாய் ஆறு, காற்றுப்புகாப் பை 80, ஒரு டன் தகரக் குதிர் ஒன்று. ஊரில் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக 200, 300 டன் சேர்க்கும் நாளில் சிலோப் பேச்சை எடுக்கலாம். அன்றைக்கும் விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது உலர்த்தும் இயந்திரம் கூட வருகிறதா, உள்வெப்பம் காட்டும் கம்பிகள் உண்டா, பூச்சி கொல்லப் புகையூட்டும்போது வாயு கசியாமல் மூட முடியுமா என்பவை.