கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ்: 2019இல் வந்த கடல் புத்தகத்தை இப்போது வாங்கலாமா?

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு 2019 மே மாதம் வெளிவந்தது கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ். 256 பக்கம். ஒரு துறைமுக ஊர், ஏழு சாகசக் கதைகள், பின்னிணைப்பில் கப்பல் விதிகளும் கடல் உயிரினங்களும். 2024, 2025இல் மூல விதிநூல்கள் திருத்தி வெளிவந்துவிட்டன. அதனால் பழையதில் இனிமேல் காசு போடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். நீண்ட நாள் மேசையில் வைத்துப் புரட்டியதில் தெரிந்தது இது: கடற்கரை ஊர் ஒன்றை மையமாக வைத்து மாதக்கணக்கில் ஆட்டத்தை ஓட்ட நினைக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர், டன்ஜன் மாஸ்டர்) தாராளமாக வாங்கலாம். கப்பல் சண்டைக்காக மட்டும் வாங்குவது வீண்.

விளையாட்டாளராக மட்டும் உட்காருகிறவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்; கதை உடையும்.

புத்தகத்தின் உயிர் சால்ட்மார்ஷ் ஊர்தான். வெளியார் தலையீடே வேண்டாம் என்கிற பழைய மீனவக் குடும்பங்கள் ஒரு பக்கம். துறைமுகத்தைப் பெருக்க நினைக்கும் அரசின் ஆட்கள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் ரகசியமாக வேலை பார்க்கும் ஸ்கார்லெட் பிரதர்ஹுட் என்ற கூட்டம். கடலுக்கு யார் சொந்தக்காரர் என்ற இந்தத் தகராறை ராமநாதபுரம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கதைக்களம் இந்த விளையாட்டின் பழைய கற்பனை உலகமான கிரேஹாக். ஆனால் ஊரை அப்படியே தூக்கிக் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு கற்பனைத் துறையாக வைத்தாலும் எதுவும் குலைவதில்லை. மர்மத் தீவுகளுக்கான பகுதியை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் மேல் பரப்பிவிடலாம்.

கதைகளில் மூல சால்ட்மார்ஷ் தொடரின் மூன்றும் (புத்தகத்தில் முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது) 1981, 1982, 1983இல், இந்த விளையாட்டை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை வெளியிட்டவை. மற்ற நான்கும் டன்ஜன் இதழில் வந்தவை. சேர்த்துத் தைத்ததில் தையல் தெரிகிறது. கதைகளுக்கான பாத்திர லெவல்கள் (பாத்திரங்கள் ஏறும் வலிமைப் படிகள்) 1 முதல் 3, பிறகு 3, 4, 5, 7, 9, 11. அதாவது 6, 8, 10 ஆகிய லெவல்களுக்குப் புத்தகத்தில் முழுக் கதை இல்லை. ஒவ்வோர் இடைவெளிக்கும் இரண்டு மூன்று அமர்வுக்கான சரக்கை டிஎம் கையில் வைத்திருக்க வேண்டும். ஊர்ப் பகுதியிலும் கடல் பின்னிணைப்பிலும் அதற்கான விதைகள் போதுமான அளவு இருக்கின்றன. முதல் கதையின் பாழடைந்த வீட்டில் லெவல் 1 பாத்திரங்கள் எளிதில் செத்துப்போகும். வீட்டை முடித்தவுடன் லெவல் 2, கடத்தல் கப்பலை முடித்தவுடன் லெவல் 3 என்று ஏற்றிவிடுங்கள்.

இரண்டாவது கதைதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. பல்லி மனிதர்களின் குகைக்குள் கத்தியோடு நுழைகிற குழு, எதிரில் வருகிறவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த பிறகுதான் அவர்கள் கூட்டாளிகளாக வேண்டியவர்கள் என்பதைத் தெரிந்துகொள்கிறது. அப்புறம் தொடரின் மூன்றாவது கதைக்குக் கால் இல்லை. இதை முதல் கதையிலேயே தடுத்துவிடலாம். கடத்தல் கப்பலில் இருக்கும் பல்லி மனிதர்களில் ஒருவராவது உயிரோடு பிடிபடட்டும். அங்கே கைதியாக இருக்கும் கடல் எல்ஃப் ஓசியனஸ், கப்பலில் கடத்தப்படும் ஆயுதங்கள் எதற்குப் போகின்றன என்ற சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். தொடரின் மூன்றாவது கதையில் (புத்தகத்தில் ஐந்தாவது, லெவல் 7), மீன் உருவக் கடல் எதிரிகளான சஹுவாகின்களின் கோட்டையில் வேலை உளவு பார்ப்பது. கோட்டையைத் துடைத்தெடுப்பது அல்ல. இதை ஆட்டம் தொடங்கும் முன்பே குழுவிடம் சொல்லிவிட வேண்டும். கோட்டையின் கீழ்த்தளங்கள் நீருக்குள் இருக்கின்றன. நீருக்குள் மூச்சுவிட வைக்கும் வாட்டர் பிரீதிங் மூன்றாம் லெவல் மந்திரம், கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) பட்டியலில் கிடையாது. விசார்ட், ட்ரூயிட், சோர்சரர், ரேஞ்சர் ஆகிய மந்திரம் தெரிந்த வகைகளில் யாரும் இல்லாத குழு என்றால் மருந்தோ மந்திரப் பொருளோ முன்கூட்டியே கண்ணில் படும்படி வையுங்கள்.

இனி கப்பல் விதிகள். பலர் வாங்குவது இதற்காகத்தான், ஏமாறுவதும் இங்கேதான். செய்லிங் ஷிப் என்ற பாய்க்கப்பலின் நீளம் 100 அடி, அகலம் 20 அடி. ஒரு கட்டத்துக்கு 5 அடி என்று வரைந்தால் அது 20க்கு 4 கட்டம். அங்குலத்துக்கு ஒரு கட்டமுள்ள 24க்கு 36 அங்குல விரிப்பில் இரண்டு கப்பல் வைத்தால் கடலுக்கு இடமில்லை. கட்டத்துக்கு 20 அடி என்று மாற்றிவிட்டால் கப்பல் 5 கட்ட நீளம், 1 கட்ட அகலம் ஆகிவிடும். வேகமும் எளிது: சாதாரணமாக 45 அடி என்பது 2 கட்டம், காற்றோடு போனால் 60 அடி 3 கட்டம், எதிர்க்காற்றில் 15 அடியை 1 கட்டமாக வைத்துக்கொள்ளலாம். ஏறிக் குதித்த பிறகு மட்டும் 5 அடிக் கட்டத்துக்கு மாறுங்கள்.

உடலை அடித்துக் கப்பலை மூழ்கடிக்க நினைத்தால் பொழுது விடிந்துவிடும். உடலுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (தாங்கும் சேதம்) 300. ஒரு தாக்குதலின் சேதம் 15க்குக் குறைந்தால் அது கணக்கிலேயே வராது. பெரிய அம்பு எறியும் பலிஸ்டாவின் சேதம் 3டி10 (பத்துமுகப் பகடை மூன்றின் கூட்டல்), சராசரி 16.5, பட்ட அடிகளிலும் மூன்றில் ஒன்று வீணாகும். கல்லெறியும் மேங்கனலுக்கு 5டி10. இரண்டையும் ஒவ்வொரு சுற்றிலும் சுட்டாலும் சராசரியாக 22, 23 சேதம்தான் உள்ளே இறங்கும். அதாவது 13 சுற்று. ஒரு மேசையும் அதைத் தாங்காது. பாய்க்கு ஆர்மர் கிளாஸ் 12தான், ஹிட் பாயிண்ட் 100, 15 என்கிற தடையும் கிடையாது. 25 சேதத்துக்கு ஒருமுறை வேகத்தில் 10 அடி குறையும். இரண்டு சுற்று பாயைக் குறிவைத்தால் எதிரிக் கப்பலின் வேகம் பாதியாகிவிடும். பிறகு நெருங்கி, கொக்கி போட்டு ஏறலாம். மேங்கனல் 60 அடிக்குள் சுட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படி நடத்தினால் கப்பல் சண்டை நான்கு, ஐந்து சுற்றில் முடிகிறது, நன்றாகவும் இருக்கிறது.

பயண வேகத்தில் ஒரு முரண்பாடு உண்டு. மூல விதிநூலின் பட்டியலில் இதே கப்பலுக்கு மணிக்கு 2 மைல். இந்தப் புத்தகத்தில் 5 மைல், ஒரு நாளைக்கு 120 மைல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 18 மைல் என்று வைத்தால், ஒன்றில் 9 மணி நேரம், மற்றொன்றில் நான்கு மணிக்கும் குறைவு. புத்தகத்தின் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். 2 மைலில் போனால் கடற்பயணம் சலித்துவிடும்.

காற்றின் திசையை ஒவ்வொரு முறையும் பகடை போட்டு முடிவு செய்தால் விளையாட்டாளர்கள் அதை மதிப்பதில்லை. மாதத்தோடு கட்டிவிடுங்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் நம் மன்னார் வளைகுடாவான ஆண் கடல் பொங்கும், பாக் பக்கம் உள்ள பெண் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். இந்த ஒரு மாற்றத்திலேயே எப்போது புறப்படுவது, எந்தப் பக்கமாக வருவது என்று குழு தானாகவே திட்டம் போடத் தொடங்கிவிடும். கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்ற கணக்கையும் நாமே சேர்க்க வேண்டும். பாய்க்கப்பலுக்கு இரண்டு பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி ஆழம்), சிறு படகான கீல்போட்டுக்கு அரைப் பாகம் என்று வைத்தால் கடலடிப் பாறைத் திட்டான பாரும் மணல்திட்டும் உண்மையான ஆபத்தாகிவிடும்.

பின்னிணைப்பில் மிகவும் பிடித்தது புயல், மூடுபனி, தீ, பூச்சித் தொல்லை, மாலுமிகளின் சண்டை ஆகியவற்றுக்கான விதி. கேப்டன், ஃபர்ஸ்ட் மேட், போசன், குவார்ட்டர்மாஸ்டர் நால்வரும் தங்கள் தங்கள் திறமையில் பகடை போட, எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதை வைத்து விளைவு. நான்கு விளையாட்டாளர் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும், யாரும் சும்மா உட்காருவதில்லை. மருத்துவர், சமையல்காரர் பதவிகளை டிஎம் நடத்தும் பாத்திரங்களுக்குக் கொடுத்துவிடலாம்.

2024 விதிகளோடு ஓட்டும்போது உரசுகிற இடங்கள் குறைவு, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பெரியது சஹுவாகின். இந்தப் புத்தகத்தில் அவை ஹியூமனாய்ட் (மனித வகை), உயிரினங்களுக்கான மூல நூலான 2025 மான்ஸ்டர் மேனுவலில் ஃபீண்ட் (பேய் வகை). பழைய விவரத்தை எடுத்தால் மனித வகையை அசையவிடாமல் கட்டும் ஹோல்ட் பர்சன் மந்திரம் பலிக்கும், புதியதை எடுத்தால் பலிக்காது. மாறாக ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் என்ற காப்பு மந்திரம் வேலை செய்யும். பல்லி மனிதர்களும் புதிய நூலில் எலிமென்டல் (பூத வகை). ஒரே கோட்டையில் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்தால் விளையாட்டாளருக்கு எதை நம்புவது என்று தெரியாது. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். நீருக்கடிச் சண்டையில் பழைய விதி டாகர், ஜாவலின், ஷார்ட்ஸ்வோர்ட், ஈட்டி, ட்ரைடென்ட் ஆகியவற்றுக்கு மட்டும் நெருங்கித் தாக்குவதில் பாதகத்திலிருந்து விலக்கு அளித்தது. புதியதில் குத்தும் ஆயுதம் எதுவானாலும் சரி. ஆனால் கிராஸ்போவுக்கு இருந்த சலுகை போய்விட்டது. பதுங்கித் தாக்கினால் எதிரியின் முதல் முறை பறிபோவது பழைய விதி. இப்போது யார் முந்துவது என்று போடும் இனிஷியேட்டிவ் பகடையில் மட்டும் பாதகம். ஆகவே பதுங்கல்களின் கடுமை ஓரளவு குறையும். ஃபிஷர், மரைன், ஷிப்ரைட், ஸ்மக்லர் என்ற நான்கு பாத்திரப் பின்னணிகளையும் பயன்படுத்தலாம்: ஒரு திறனுக்கு 2, இன்னொன்றுக்கு 1, அல்லது மூன்றுக்கு ஒவ்வொன்று கூட்டி, ஓர் ஆரிஜின் ஃபீட் (தொடக்கச் சிறப்புத் திறமை) கொடுத்தால் போதும்.

இன்னும் தயக்கம் இருந்தால் 2018 நவம்பரில் சோதனைக்காக இலவசமாக வெளியிடப்பட்ட ஆஃப் ஷிப்ஸ் அண்ட் த சீ ஆவணத்தை முதலில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். இந்தப் பின்னிணைப்பின் முந்தைய வடிவம் அதுதான். கப்பல் விதி மட்டுமே தேவைப்படுகிறவர்களுக்கு அதுவே போதும். டிஜிட்டலாக வாங்கினால் விளையாட்டின் இணையதளமான டிஎன்டி பியாண்டில் படிக்கலாம். பிடிஎஃப் கோப்பாகக் கையில் வராது.

பழைய பிரதி வாங்கும்போது கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் பாருங்கள். உயிரின விவரங்கள் பின்னிணைப்பு சியில் இருப்பதால், ஆட்டத்தில் அதிகம் புரட்டப்படுவதும் முதலில் கழன்று விழுவதும் அந்தக் கட்டுதான். புத்தகத்தை நடுவில் விரித்து முதுகின் பசை விட்டிருக்கிறதா பாருங்கள். பக்க ஓரம் அலையலையாக இருந்தால் ஒருமுறை நனைந்த பிரதி. வழவழப்பான தாள் நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அச்சு உரியும். நம் கரையின் உப்புக் காற்றில் ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் பார்த்த சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து, விசிறிக் காற்றில் பக்கங்களைப் புரட்டினால் இராமபாணப் பூச்சியும் அண்டாது.